லண்டனின் கே இரவுகள்: இடம் யாருக்கு?

2006இல் லண்டன் மாநகரில் பால்புதுமையினருக்கான பப், பார், கிளப் எல்லாம் சேர்த்து 125 இருந்தன. 2017இல் எண்ணியபோது 53தான் மிச்சம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நகர ஆய்வுக்கூடம் எடுத்த கணக்கு இது. நூற்றுக்கு 58 மூடப்பட்டுவிட்டன. அதையொட்டிய ஆண்டுகளில் பிரிட்டன் முழுக்கப் பப்புகள் கால்வாசியும் நைட்கிளப்புகள் 44 சதவீதமும் குறைந்தன. இரவு வியாபாரமே சுருங்கிய காலம்தான். இருந்தாலும் கே இடங்கள் மற்றவற்றைவிட வேகமாகக் காணாமல் போயின.

என்னை உறுத்துவது அந்தக் காலப்பொருத்தம். ஒரே பாலினத்தவர் தங்கள் உறவைச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளும் உரிமை 2005இன் இறுதியில் வந்தது. 2010இல் சமத்துவச் சட்டம் வந்தது. 2014 மார்ச் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணமே செய்துகொள்கிறார்கள். சட்டம் பகையாக இருந்த நாளில் முளைத்துத் தழைத்த இடங்கள், அது துணைக்கு வந்த நாளில் ஏன் மூடின? தேவை தீர்ந்துவிட்டது, எந்த பப்பிலும் போய் உட்காரலாமே என்று சொல்பவர்கள் கே மக்களிலேயே உண்டு. கைபேசி இருக்கும்போது பார் எதற்கு என்று கேட்பவர்கள் அதைவிட அதிகம்.

இந்தக் கேள்வியோடுதான் நானும் என் கல்லூரி நண்பனும் ஒரு வெள்ளி மாலை ரயிலேறி, ஞாயிறு வரை லண்டனைச் சுற்றினோம். இருவரும் தமிழ்நாட்டில் வளர்ந்து, இருபதுகளில் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள். இருவரும் கே. லண்டனுக்கு வெளியே, ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம்.

எலிசபெத் லைனில் வந்து டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் சோஹோ ஐந்து நிமிட நடை. அந்த நிலையத்தின் வாசலிலேயே என் கேள்விக்கான பதிலின் ஒரு பாதி கிடக்கிறது. நிலையம் எழும்பிய இடத்தில் முன்பு அஸ்டோரியா என்ற அரங்கு இருந்தது. ஜி-ஏ-ஒய் என்ற கே கிளப் இரவு பல ஆண்டுகள் அங்கேதான் நடந்தது. ரயில் பாதைக்காக 2009 ஜனவரியில் அஸ்டோரியாவை மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். பக்கத்தில் செயின்ட் கைல்ஸ் ஹை ஸ்ட்ரீட்டில் 1986 முதல் ‘ஃபர்ஸ்ட் அவுட்’ என்றொரு காபிக்கடை இருந்தது. குடிக்காதவர்களும், இரவில் வெளியே வர முடியாதவர்களும், முதன்முதலாகத் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வருபவர்களும் பகலில் போய் உட்கார்ந்த இடம். 2011இல் அதுவும் மூடியது. அந்த வட்டாரமே புதுப்பிக்கப்பட்டு, வாடகை எங்கோ போய்விட்டது.

இந்த இடங்களின் வரலாறு பலரும் நினைப்பதைவிடப் பழையது. ஹோல்பர்ன் பக்கம் ஃபீல்ட் லேனில் மார்கரெட் கிளாப் என்ற பெண் நடத்திய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஆண்கள் கூடுவார்கள். ஆடுவார்கள், பாடுவார்கள், விளையாட்டாய்க் கல்யாணமும் செய்துகொள்வார்கள். 1726 பிப்ரவரியில் காவலர்கள் அங்கே புகுந்தார்கள். அந்த மே மாதம் டைபர்னில் மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1934இல், எண்டெல் ஸ்ட்ரீட்டின் நிலவறை ஒன்றில் கேரவன் கிளப் திறந்தது. சில வாரங்களுக்கு மேல் ஓடவில்லை. ஆகஸ்டில் நடந்த சோதனையில் 103 பேர் கைதானார்கள். அந்தக் கூட்டத்தின் மனம் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், காவல்துறை கைப்பற்றிய கடிதங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பதால்தான். அந்த மக்களின் வரலாற்றை எழுதிவைத்தவன் அவர்களைப் பிடித்தவனே.

1967இன் சட்டம் விடுதலை தந்தது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது எவ்வளவு ஒடுங்கிய விடுதலை என்பதையும் சொல்ல வேண்டும். இருவருக்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். தனியிடமாக இருக்க வேண்டும். மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தாலே அது தனியிடம் இல்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே செல்லும். ஸ்காட்லாந்து 1980 வரையும் வட அயர்லாந்து 1982 வரையும் காத்திருந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்புதல் வயது எல்லோருக்கும் 16 என்று ஒன்றானது 2001இல்தான். அதுவரை கே பார் என்பது சட்டம் சற்றே கண்ணை மூடிக்கொண்ட இடம், அவ்வளவுதான்.

ஓல்ட் காம்ப்டன் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தபோது வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடைபாதையில் வழிந்துகொண்டிருந்தது. கையில் கோப்பையோடு நின்றவர்களை விலக்கிக்கொண்டு அட்மிரல் டங்கன் என்ற பப்புக்குள் போனோம். நண்பன் சுற்றிலும் பார்த்துவிட்டு, “என்னடா, நம்ம ஊர் ரயில்வே கேன்டீன் மாதிரி இவ்வளவு சாதாரணமா இருக்கு?” என்றான். உண்மைதான். நீளமான குறுகிய அறை, கவுண்டரில் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். உள்ளே ஒரு நினைவுச் சரவிளக்கு தொங்குகிறது. அண்ணாந்து பார்க்காவிட்டால் தவறிவிடும்.

1999 ஏப்ரல் 30, இதேபோன்ற ஒரு வெள்ளி மாலை. ஒருவன் உள்ளே வைத்துவிட்டுப் போன பையில் ஆணிகள் நிரப்பிய குண்டு இருந்தது. மூவர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் கர்ப்பிணி. எழுபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள், சிலர் கைகால் இழந்தார்கள். அதே ஆள் இரண்டு வாரத்துக்குள் வைத்த மூன்றாவது குண்டு அது. முதல் குண்டு கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பிரிக்ஸ்டனில், இரண்டாவது வங்காளிகளின் பிரிக் லேனில். அந்தக் கொலைகாரனின் கணக்கில் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு குண்டுகள். பழுப்பு நிறத்துக்கு ஒன்று, கே என்பதற்கு ஒன்று. பப் அந்தக் கோடையிலேயே மறுபடி திறந்தது.

எங்கள் பக்கத்து ஸ்டூலில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். நாங்கள் விளக்கைப் பார்ப்பதைப் பார்த்து அவரே பேச்சுக் கொடுத்தார். எண்பதுகளில் நண்பர்களின் அடக்கத்துக்குப் போய்ப் போய், ஒரே கறுப்புக் கோட்டின் கைமடிப்பு நைந்துவிட்டது என்றார். இறந்தவர் எப்படி இறந்தார் என்பதைச் சில வீடுகளில் பாதிரியாரிடம்கூடச் சொல்ல மாட்டார்களாம். வாழ்க்கைத் துணையாக இருந்தவரைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்களாம். அடக்கம் முடிந்ததும் எல்லோரும் இந்தத் தெருவுக்குத்தான் வருவார்களாம். அழுவதற்கு வேறு இடம் இருக்கவில்லை.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இதுதான். தமிழனுக்குத் தமிழ் வீட்டிலேயே கிடைக்கிறது. சாதிச் சங்கதி, சாமி கும்பிடும் முறை, யாரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் தாத்தா பாட்டியிடமிருந்து வருகிறது. கே பிள்ளைக்குத் தன்னைப் போன்ற பெரியவர் வீட்டில் இருப்பதில்லை. எது ஆபத்து, எது நோய், எது காதல், துணையோடு முதுமை எய்துவது எப்படி இருக்கும் என்று சொல்லித்தர ஆளில்லை. அந்தப் பெரியவர்களைக் கண்டடையும் இடமாகத்தான் பார்கள் இருந்திருக்கின்றன. குடியும் ஆட்டமும் காதலும் அங்கே நடந்தன, நடக்கின்றன. ஒரு தலைமுறை தனக்கு அடுத்ததைப் பார்த்துப் பேசியதும் அங்கேதான்.

எய்ட்ஸ் காலம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சாரிங் கிராஸ் ரயில் நிலையத்தின் வளைவுகளுக்கு அடியில் 1979இல் ‘ஹெவன்’ என்ற பெரிய கிளப் திறந்தது. அங்கே வேலைபார்த்த டெரன்ஸ் ஹிக்கின்ஸ் என்பவர் 1982 கோடையில் மயங்கி விழுந்தார். ஜூலை 4 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இறந்தார். பிரிட்டனில் எய்ட்ஸால் முதலில் இறந்தவர்களில் ஒருவர். அவருடைய துணைவரும் நண்பர்களும் சேர்ந்து அந்த ஆண்டே தொடங்கியதுதான் இன்றும் இயங்கும் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளை. அரசு வாய் திறக்கும் முன்பே கிளப்பில் கூடியவர்கள் துண்டறிக்கை அடித்துக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை வாக்ஸாலுக்குப் போனோம். ராயல் வாக்ஸால் டாவர்ன் 1860களில் கட்டிய பப். ரயில் பாலத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே, சுற்றிலும் எல்லாம் இடிந்துபோக, தன்னந்தனியே நிற்கிறது. பெண் வேடமிட்டுப் பாடிப் பேசி ஆடும் டிராக் கலைஞர்களின் தாய்வீடு. பின்னாளில் நாடறிந்த தொலைக்காட்சி முகமான பால் ஓ’கிரேடி, லில்லி சாவேஜ் என்ற வேடத்தில் பல ஆண்டுகள் இங்கே நின்றார். 1987இல் காவலர்கள் இங்கே சோதனைக்கு வந்தபோது கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். தொட்டாலே எய்ட்ஸ் வரும் என்ற பயம். இந்தக் கட்டடத்தை 2014இல் ஒரு நிலமேம்பாட்டு நிறுவனம் வாங்கியது. அங்கே புழங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆவணம் திரட்டி விண்ணப்பித்தார்கள். 2015 செப்டம்பரில் டாவர்ன் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. கே மக்களின் வரலாற்றுக்காகவே பிரிட்டனில் அப்படிப் பட்டியலில் ஏறிய முதல் கட்டடம் அது.

மேடையில் அன்று ஒரு டிராக் கலைஞர், கண்ணிமையில் ஒட்டிய மினுக்குத் துகள் வியர்வையில் கன்னத்துக்கு வழிய வழிய, முன்வரிசைக்காரர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்டார். சிரிப்புக்கு நடுவே போகிற போக்கில். இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வெற்றி ஒன்று இருக்கிறது. சோஹோவின் 56 டீன் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 2016 வாக்கில் புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் சட்டென்று சரிந்தன. அடிக்கடி பரிசோதனை, தொற்று தெரிந்த உடனே மருந்து, தொற்று வராமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரை மூன்றும் சேர்ந்த பலன். ப்ரெப் 2020 முதல் இங்கிலாந்தின் அரசு மருத்துவத்தில் இலவசம். அந்தச் செய்தி மருத்துவமனைச் சுவரொட்டியால் மட்டும் ஊரெல்லாம் பரவிவிடவில்லை.

சரி, பார்கள் ஏன் மூடுகின்றன? கைபேசியைத்தான் முதலில் குற்றம் சொல்கிறார்கள். ‘கிரைண்டர்’ (Grindr) என்ற கே டேட்டிங் செயலி வந்தது 2009இல். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மீட்டர் கணக்கில் காட்டுகிறது. துணை தேட பாருக்குப் போக வேண்டிய அவசியத்தை அது குறைத்தது மெய். ஆனால் செயலியில் வயது வடிகட்டி இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்காரன் எழுபது வயதுக்காரரைப் பார்க்கவே மாட்டான். பாதுகாப்பு என்ற வாதமும் நிற்காது. கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) என்ற பகுதியில் 2014, 2015இல் நான்கு இளைஞர்களைப் போதைமருந்து கொடுத்துக் கொன்ற ஸ்டீபன் போர்ட், இணையத்திலும் செயலிகளிலும்தான் ஆட்களைத் தேடினான். ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்துக் கிடந்த உடல்களைக் காவல்துறை இணைத்துப் பார்க்கவில்லை. காவல்துறையின் தவறுகள் பின்னால் இறந்த மூவரின் சாவுக்குப் பெரும்பாலும் ஒரு காரணமாகியிருக்கும் என்று 2021 டிசம்பரில் மரண விசாரணை ஜூரி முடிவு சொன்னது. ஒரு பாரிலிருந்து ஒருவன் அடுத்தடுத்து நாலு பேரோடு போய், அந்த நாலு பேரும் திரும்பாவிட்டால் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் கேட்டிருப்பார்.

மூடப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஆள் வராமல் காற்றாடியதால் மூடியவை என்று சொல்ல முடியவில்லை. அஸ்டோரியா ரயிலுக்குப் போனது. கேம்டனில் டிராக்கின் கோட்டையாக இருந்த பிளாக் கேப் 2015இல் கதவடைத்தது. சவுத்வார்க்கில் ஆயிரக்கணக்கானோர் ஆடிய எக்ஸ்எக்ஸ்எல் 2019இல் கட்டடத் திட்டம் ஒன்றுக்கு இடம்விட்டது. நில மதிப்பு ஏற ஏற, குத்தகை புதுப்பிக்கும் நாளில் உரிமையாளர் கேட்கும் தொகையைப் பீர் விற்றுக் கட்ட முடியாது. கே இடங்கள் பெரும்பாலும் யாரும் சீண்டாத மலிவான தெருக்களில் தொடங்கியவை. ஆட்கள் வந்ததும் தெருவுக்குக் களை வந்தது, களை வந்ததும் விலை வந்தது, விலை வந்ததும் அவர்களே வெளியேற வேண்டியதாயிற்று. வன்முறையும் ஓயவில்லை. சோஹோவில் ஜி-ஏ-ஒய் லேட் 2023 டிசம்பரில் மூடியபோது, வேலை முடிந்து வீடு திரும்பும் ஊழியர்கள் தாக்கப்படுவதை உரிமையாளர் ஒரு காரணமாகச் சொன்னார்.

பெண்களின் கதை இதைவிடக் கடினம். செல்சியின் பிராமர்டன் ஸ்ட்ரீட்டில் பச்சைக் கதவுக்குப் பின்னால், படியிறங்கிப் போகும் நிலவறையில் ‘கேட்வேஸ்’ என்ற பெண்கள் கிளப் இருந்தது. 1930களில் தொடங்கி 1985 வரை ஓடியது. ‘தி கில்லிங் ஆஃப் சிஸ்டர் ஜார்ஜ்’ என்ற 1968ஆம் ஆண்டுப் படத்தில் அதன் உண்மையான உறுப்பினர்களே ஆடுவதைக் காணலாம். அது மூடிய பிறகு பெண்களுக்கென்று நிலையாக ஒன்று அமைவது அரிதாயிற்று. சோஹோவின் கேண்டி பார் 2014இல் போனது. அதே ஆண்டு ‘ஷி சோஹோ’ திறந்து, பல ஆண்டுகள் அந்தப் பகுதியின் ஒரே லெஸ்பியன் பாராக நின்றது. 2024இல் ஹாக்னியில் ‘லா காமியோனேரா’ திறந்தபோது கூட்டம் தெருவை அடைத்தது. பெண்கள் வருவதில்லை என்று இத்தனை காலம் சொல்லிவந்த வியாபாரிகளுக்கு அந்தக் கூட்டம் போதுமான பதில்.

நம்மவர்களுக்கு வருகிறேன். தெற்காசிய முகத்தைக் கண்டதும், இது கே கிளப் என்று தெரியும்தானே என்று கதவுக்காவலர் கேட்பது இங்குள்ள நம் ஆட்களில் பலருக்குப் பழகிய அனுபவம். சனி இரவு ஒரு வாசலில் எங்களையும் கேட்டார்கள். முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பையன்களைக் கேட்கவில்லை. நண்பன் முகம் சுண்டிப்போயிற்று. கே மக்களுக்கான இடத்திலேயே நீ கே போலில்லை என்று சொல்லப்படுவது, ஊரில் கேட்ட வசவைவிட அவனைச் சுட்டது.

இதை எதிர்கொள்ளத்தான் தெற்காசியர்கள் தங்களுக்கென்று இரவுகளை உண்டாக்கிக்கொண்டார்கள். டிஜே ரித்துவும் ரீட்டாவும் 1995இல் வட லண்டனின் டஃப்னெல் பார்க்கில் ‘கிளப் காளி’யைத் தொடங்கினார்கள். பங்கராவும் இந்தித் திரைப்பாட்டும் அரபு இசையும் கலந்து ஒலிக்க, புடவையிலும் ஷெர்வானியிலும் ஆட்டம். தனக்கென்று கட்டடம் கிடையாது. வாடகை மண்டபத்தில் அவ்வப்போது ஓர் இரவு. அதற்கும் முன்னால் 1980களின் இறுதியில் ‘சக்தி’ என்ற தெற்காசியக் குழு இருந்தது. அதில் இயங்கிய சிவானந்த கான், தெற்காசியர்களிடையே எச்.ஐ.வி. பணிக்காக 1991இல் நாஸ் திட்டத்தைத் தொடங்கினார். மறுபடியும் அதே வரிசை: கூடும் இடம் முதலில், அமைப்பு பிறகு.

இந்த நாட்டில் புகலிடம் கேட்கும் தன்பாலீர்ப்பாளர்களுக்கு பார் என்பது வேறொரு பொருளும் கொள்கிறது. ஊரில் மறைந்து வாழ்ந்தால் ஆபத்தில்லையே, திரும்பிப் போ என்று சொல்வது தவறு என 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு, நீ கே என்பதை நிரூபி என்ற சுமை முன்னுக்கு வந்தது. கே பார்களுக்குப் போனதுண்டா என்று நேர்காணல்களில் கேட்டிருக்கிறார்கள். குடிக்காதவர், கையில் காசில்லாதவர், சொந்த ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று அஞ்சுபவர் என்ன பதில் சொல்வார்? இலங்கைத் தமிழர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஈஸ்ட் ஹாமில் சிற்றப்பா வீட்டு மேல்மாடியில் தங்கியிருப்பவர், சோஹோவுக்குப் போன டிக்கெட்டை எங்கே வைப்பார்? அவர் அஞ்சி ஓடிவந்தது, தன்பாலுறவைக் குற்றமாக்கும் இலங்கையின் 365ஏ பிரிவை; பிரிட்டிஷ் ஆட்சி 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தின் எச்சம் அது. 1995 திருத்தத்தில் அது பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் பல்லைப் பிடுங்கிய 377ஆம் பிரிவும் அதே ஆட்சி 1860இல் எழுதிவைத்ததுதான். சட்டத்தை ஏற்றுமதி செய்த தலைநகரிலேயே வந்து தஞ்சம் கேட்பவரிடம், எங்கள் பாரில் ஆடினாயா என்று கேட்பது அநியாயம்.

இத்தனை பாராட்டினாலும் மது இல்லாமல் சேர வழியில்லை என்ற நிலை எனக்கு ஒப்பவில்லை. தனிமையைப் போக்க வந்தவர்கள் குடிக்கு அடிமையானதும், பிந்திய இரவுகளில் ஜிஎச்பி போன்ற போதைப்பொருளால் உயிர்விட்டதும் இந்த வாழ்வின் பகுதி. ஃபர்ஸ்ட் அவுட்டின் இழப்பு அதனால்தான் எனக்கு அஸ்டோரியாவுக்கு நிகரான இழப்பாகப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போன ‘கேஸ் தி வேர்ட்’ புத்தகக்கடை அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. புளூம்ஸ்பரியில் 1979 முதல் இருக்கிறது. 1984இல் சுங்க அதிகாரிகள் புகுந்து நூற்றுக்கணக்கான புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அதே காலத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக நிதி திரட்டிய கே இளைஞர்கள் கூடியதும் இங்கேதான். நண்பன் ஒரு மணி நேரம் நின்றே வாசித்தான். யாரும் எதையும் வாங்கச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது ஹாக்னி ரோட்டின் ‘ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸ்’ காட்டிய வழி. 2015 ஜனவரியில் அந்த பப் மூடப்பட்டபோது, அங்கே போய்வந்தவர்கள் ஒரு குழுவாகத் திரண்டார்கள். இடித்துக் கட்ட வந்த நிறுவனத்தின் திட்டத்தை வரிவரியாகப் படித்து, நகரசபைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள். 2017இல் டவர் ஹாம்லெட்ஸ் நகரசபை, புதுக் கட்டடத்தில் பால்புதுமையினருக்கான இடம் ஒன்று இருந்தாக வேண்டும் என்பதை அனுமதிக்கான நிபந்தனையாகவே வைத்தது. பின்பு அந்தக் குழு சமூகநலச் சங்கமாகப் பதிவுசெய்துகொண்டு 2022இல் பங்கு விற்று இலட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. அதிகப் பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். வாடகைக்காரராக இருக்கும்வரை அடுத்த குத்தகைப் புதுப்பிப்பு வரைதான் ஆயுள் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இப்படியொரு இடத்தை இடித்துக் கட்ட அனுமதி கேட்கும்போது மற்ற நகரசபைகளும் இத்தகைய நிபந்தனையை வைக்கலாம். வைக்கும்போது பகலில் திறக்கும் கதவு, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், காசில்லாமலும் உட்கார ஒரு மேசை ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டும்.